‘ஐந்நூறு ரூபாய்க்குப் போடுங்க’: சும்மா நிற்கும் வண்டியும் ஏறும் பெட்ரோல் விலையும்

2020 தொடக்கத்தில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 78 ரூபாயைச் சுற்றி இருந்தது. 2022 மே மாதம் அது 110.85 வரை போனது. மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்த பிறகு 102.63க்கு இறங்கியது. 2024 மார்ச்சில் இன்னும் ஏறக்குறைய 2 ரூபாய் குறைந்தது. பழைய 78 திரும்பி வரவே இல்லை.

தினமும் ஆபீஸ் போகிறவருக்கும் டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் வேறு வழியில்லை, என்ன விலையானாலும் போட்டுத்தான் ஆக வேண்டும். விலை ஏறியதும் முதலில் ஓரங்கட்டப்படுவது உல்லாசத்துக்கு வாங்கிய வண்டிதான். கொல்லிமலைக்கும் ஏலகிரிக்கும் போக வாங்கிய மஹிந்திரா தார் ஜீப், ஆசையாகத் தேடிப் பிடித்த பழைய மாருதி ஜிப்ஸி, குடும்பத்தோடு ஊருக்குப் போக மட்டும் எடுக்கும் பெரிய டீசல் வண்டி. ‘இப்ப இருக்கிற விலைக்கு எதுக்கு எடுக்கணும்’ என்று கவரைப் போட்டு மூடிவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் மிச்சமான காசு பட்டறையில் போக ஆரம்பிப்பது அன்றிலிருந்துதான்.

முதலில் ஒரு கணக்கு. இப்படிப்பட்ட வண்டி வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 500 லிட்டர். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 5,000 ரூபாய், மாதத்துக்கு 417. வலிக்கத்தான் செய்யும். ஆனால் பெரிய வண்டிக்கு ஒரு பேட்டரி வாங்கவே அதற்கு மேல் ஆகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்த 5,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிசர்விலேயே ஓடும் டேங்க்

‘ஐந்நூறு ரூபாய்க்குப் போடுங்க’ என்பது நம் ஊர்ப் பழக்கம். விலை ஏறினாலும் அந்த ஐந்நூறு மாறுவதில்லை, லிட்டர்தான் சுருங்குகிறது. 78 ரூபாய்க்கு விற்றபோது 6.4 லிட்டர் வந்தது, 110.85க்கு விற்றபோது 4.5 லிட்டர். பத்து கிலோமீட்டர் மைலேஜ் தரும் வண்டி அதில் 45 கிலோமீட்டர் ஓடினால் மறுபடியும் ரிசர்வ் விளக்கு எரியும். இப்படியே மாதக்கணக்கில் அந்த விளக்கோடு ஓடும் வண்டிகள் ஏராளம்.

பெட்ரோலை எஞ்சினுக்குத் தெளித்து அனுப்பும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதன் மோட்டாரைக் குளிர்விப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான். அளவு அடியோடு கிடந்தால் பம்ப் சூடாகும். மலை ஏறும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். முதலில் மேட்டில் இழுவை குறையும், பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும், கடைசியில் ஒருநாள் நடுவழியில் நிற்கும். பெரும்பாலும் பம்பை மட்டும் மாற்ற முடியாது, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையோடு முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். போடும்போதும் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு லிட்டரில் கேளுங்கள். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

கவருக்குள் நடப்பது

பூட்டி நிறுத்திய காரும் கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 30 முதல் 50 மில்லி ஆம்பியர். ஜிபிஎஸ் டிராக்கரும் பார்க்கிங்கில் விழித்திருக்கும் டேஷ்கேமும் மாட்டியிருந்தால் அது இன்னும் கூடும். 50 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர், 20 நாளில் 24. பேட்டரியே 45 ஆம்பியர் அவர்தான் என்றால் பாதிக்கு மேல் காலி. செல்ஃப் எடுக்காமல் போவதோடு இது நிற்பதில்லை. இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அன்றே சார்ஜில் போட வேண்டும்.

‘தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சிடறேன்’ என்பார்கள். பலனைவிடக் கெடுதல் அதிகமான பழக்கம் இது. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் தரும் சார்ஜ் சொற்பம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவதால், எரிப்பில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடுகிறது. சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20, 25 கிலோமீட்டர் ஓட்டுவதே போதும். அதில் பத்து நிமிஷமாவது ஏசியைப் போடுங்கள், கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும். ஒரு ஓட்டத்துக்கு இரண்டரை லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 500 ரூபாய். அதுவும் முடியாது, வெளிநாடு போகிறேன் என்றால் 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். திரும்ப மாட்டும்போது சில வண்டிகளில் கண்ணாடி தானாக ஏறுவதை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. கடலோர ஊரில், பாதி காலியான டேங்கில், மாதக்கணக்கில் நிற்கும்போது ஈரக்காற்று உள்ளே போய் வந்துகொண்டே இருக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். மூன்று மாதத்துக்குள் டேங்கில் இருப்பதைக் கால் டேங்க்வரை ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்புவது நல்லது. நிறுத்தும்போது முக்கால் டேங்குக்குமேல் இருக்கட்டும்.

இன்ஜெக்ஷன் இல்லாத பழைய கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி படிந்து ஐடில் ஜெட் என்ற நுண்துளையை அடைக்கும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் வரும் பைப்பை அடைத்துவிட்டு, கிண்ணம் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். அவற்றை எத்தனால் தாங்கும் வைட்டன் உள்ளுறை கொண்ட ஹோஸாக மாற்றுங்கள். கிளாம்ப் அருகே விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும்: மெத்தென்று அமுங்கினாலோ விரலில் கறுப்பு ஒட்டினாலோ அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது. டேங்கில் பல வருஷமாக ஒட்டியிருந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். அதனால் முதல் சில டேங்குகளுக்குப் பிறகு ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மைலேஜ் விஷயமும் இங்கேதான் வருகிறது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10க்கு டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம்வரை மைலேஜ் குறையலாம் என்று 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே கணித்தது. நம் கணக்கில் அது வருஷத்துக்கு ஏறக்குறைய 35 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 3,500 ரூபாய், பெட்ரோல் பங்க்கின் விலைப் பலகையில் தெரியாத விலை ஏற்றம். ‘மைலேஜ் குறைஞ்சுபோச்சு’ என்று இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டயரும் பிரேக்கும் பற்றிச் சுருக்கமாக. நிறுத்தும்போது டயரில் 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று வையுங்கள், மாதம் இருமுறை கால் சுற்று நகர்த்துங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மாதக்கணக்கில் விட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் பானெட்டைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைத் திருகாதீர்கள். ஏர்ஃபில்டர் பெட்டி எலிகளுக்கு மிகவும் பிடித்த இடம்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. பிடித்த கரியை 550, 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். டீசல் விலைக்குப் பயந்து நீண்ட பயணத்தை நிறுத்திவிட்டு, அதே வண்டியைக் காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் எடுத்தால் கரி சேரும், எரியாது.

வண்டி சுத்தம் செய்ய முயல்வதைக் கண்டுபிடிக்கலாம். ஐடில் வழக்கத்தைவிட ஏறியிருக்கும், நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடும், அடியிலிருந்து சூட்டு வாடை வரும். அந்த நேரத்தில் அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். பல வண்டிகளில் இதற்காகக் கூடுதலாகச் சிலிண்டருக்குள் தெளித்த டீசல் எரியாமல் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்கும்போது அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் அது, டர்போ பேரிங்கைத் தின்றுவிடும். டிபிஎஃப் விளக்கு எரிந்தவுடனே நெடுஞ்சாலைக்குப் போய், எஞ்சின் வேகம் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் 20, 30 நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால் வண்டி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டர்தான் வழி. வடிகட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம், அதன் பிறகு வாரண்டியும் பேச முடியாது.

வருஷம் 5,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் அடுத்த வண்டியைப் பெட்ரோலில் வாங்குங்கள். டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்பதற்காக இவ்வளவு தலைவலி தேவையில்லை.

மலை இறக்கத்தில் நியூட்ரல்

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போவது காசு மட்டுமல்ல. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர்கள் முழுவதுமாக மூடிக்கொள்ளும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, செலவாகும் பெட்ரோல் பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் வேண்டும், மணிக்கு அரை லிட்டருக்கு மேல். மிச்சம் பிடிப்பதாக நினைத்து எரிக்கிறார்கள்.

எஞ்சின் பிடிமானம் போய்விட்டதால் முழுப் பாரமும் பிரேக்குக்கு வருகிறது. புதிய டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிப் பழசானால் 140வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். ஓடாமல் நிற்கும் வண்டிகளில்தான் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் ‘கிலோமீட்டரே ஆகல, எதுக்கு சர்வீஸ்’ என்று ஆயிலை மாற்றியிருக்க மாட்டார்கள். பிரேக் ஆயிலுக்குக் கணக்கு கிலோமீட்டர் அல்ல, இரண்டு வருஷம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கார்ப்பரேட்டர் வண்டிக்கும் இதே விதிதான்.

மிச்சம் உண்மையில் எங்கே

ஜீப் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை பெரிய டயர். 245/75 ஆர்16க்குப் பதில் 265/75 ஆர்16 போட்டால் விட்டம் 774 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகும், ஏறக்குறைய 4 சதவீதம். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 104 ஓடியிருக்கும். அதனால் நீங்கள் போடும் மைலேஜ் கணக்கே 4 சதவீதம் குறைத்துக் காட்டும். அதைச் சரிசெய்த பிறகும் குறைவு இருக்கும், டயரின் எடையும் முரட்டுப் பற்களும் தின்பது அது. சேற்றில் இறங்காதவருக்கு அந்தப் பற்கள் வெறும் சத்தம்.

கூரை கேரியரைப் பயணம் முடிந்ததும் கழற்றுங்கள். மணிக்கு 80இல் இருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். டப்பா வடிவ ஜீப்புக்கு அது இன்னும் அதிகமாகவே உறைக்கும். காற்றழுத்தம் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது.

பெட்ரோலுக்குப் பதில் கேஸில் ஓட்ட கேஸ் கிட் போடலாமா என்ற கேள்விக்கு அதே 5,000 கிலோமீட்டர்தான் பதில். வருஷ பெட்ரோல் செலவு 50,000, பாதி மிச்சம் என்றாலும் 25,000. நல்ல கிட் அரை லட்சத்தைத் தொடும். டிக்கி போய்விடும், ஊர் சுற்ற வாங்கிய வண்டியில் பெட்டி வைக்க இடமில்லாமல் என்ன செய்வது? போடுவதானால் ஆர்சியில் ஏற்றி, இன்ஷூரன்ஸிலும் எழுதிவிட வேண்டும். ஆம்னியில் வீட்டு சிலிண்டரைச் செருகி ஓட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். வாகன எல்பிஜி டேங்கில் 80 சதவீதம் நிரம்பியதும் தானாக அடைக்கும் வால்வு உண்டு, வீட்டு சிலிண்டரில் அது கிடையாது.

செலவை ஈடுகட்ட ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்ததைத், தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவதும் கூடியிருக்கிறது. விபத்து நடந்தால் சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகை ஓட்டத்துக்கு இழப்பீடு கிடைக்காது. இன்ஷூரன்ஸில் மிச்சம் பிடிக்க நேரான வழியே இருக்கிறது. ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ற பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதித்தது. பாலிசியில் சொந்தச் சேதப் பகுதிக்கு, அதாவது உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கு, மட்டும்தான் இந்தத் தள்ளுபடி. குறைவாக ஓடும் வண்டிக்கு இது தோதானது. பாலிசி எடுக்கும் நாளில் மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தேர்ந்தெடுத்த அளவை நெருங்கினால் தாண்டுவதற்கு முன்பே கூடுதல் கிலோமீட்டர் வாங்கிவிடுங்கள். பெரிய டயர் போட்டிருக்கிறீர்கள் என்றால் அதையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லுங்கள்.