டிகாக்ஷன் சில நாட்களில் இறங்க மறுப்பது ஏன்?

பொடி, ஃபில்டர், வெந்நீரின் அளவு ஆகிய மூன்றும் மாறாதபோதும், ஒரு நாள் டிகாக்ஷன் பத்து நிமிடத்தில் நீர்த்து இறங்கிவிடுகிறது, மறுநாள் அரை மணி நேரம் கழிந்தும் மேல்பாத்திரத்து நீர் அப்படியே நிற்கிறது. இதற்கு என்ன காரணம் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். வீடுகளில் இதற்குப் பொடியைக் குறை சொல்வார்கள், அல்லது போட்டவரின் கைராசி என்பார்கள். நல்ல காப்பி போடுபவரின் கையில் இருப்பது பல வருடப் பழக்கத்தில் படிந்த அளவும் அழுத்தமும் பொறுமையும்தான். அதை ராசி என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அளவு என்றால் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

வறுத்த காப்பிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் மட்டுமே வெந்நீரில் கரையக்கூடியது, மற்றது சக்கை. கரையும் பகுதியிலும் புளிப்புத் தரும் அமிலங்கள் விரைந்து வெளிவருகின்றன, கசப்பும் துவர்ப்பும் மிகுந்த பெரிய மூலக்கூறுகள் தாமதமாக வருகின்றன. பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து இறங்கிய காப்பியே சுவையில் சமநிலை கொண்டது என்ற அளவுகோல், 1950களில் அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட்டின் ஆய்வுகளிலிருந்து வந்தது. இரண்டாம் டிகாக்ஷன் நிறமிருந்தும் வெறும் கசப்பாக இருப்பதற்கு, முதல் முறையிலேயே நல்லதெல்லாம் இறங்கிவிட்டதே காரணம்.

ஆகவே நீர் பொடியோடு எவ்வளவு நேரம் உறவாடுகிறது என்பதுதான் முக்கியம். எஸ்பிரெசோ இயந்திரத்தில் அந்த நேரத்தை ஒரு பம்பு முடிவு செய்கிறது. நம் ஃபில்டரிலோ புவியீர்ப்பும் பொடிப் படுகையும் மட்டுமே முடிவு செய்கின்றன. இத்தகைய ஓட்டத்தின் விதியை 1856-இல் வெளியிட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி. டிஜோன் நகரத்தின் குடிநீர் ஏற்பாட்டுக்காக மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி, ஓட்டத்தின் வேகம் நீர்மட்ட உயர வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும் படுகையின் தடிமனுக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமைகிறது என்று அவர் கண்டார். படுகை எவ்வளவு எளிதாக நீரை விடும் என்பது துகளின் விட்டத்தின் இருமடியை, அதாவது வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். அதாவது துகளின் அளவு பாதியானால், நீர் கடந்து செல்ல 4 மடங்கு நேரம் பிடிக்கும்.

துகளுக்குள் நடப்பதும் இதே இருமடியைத்தான் பின்பற்றுகிறது. துகளின் உள்ளே கரைந்த பொருள் விரவல் முறையில், அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே பரவி, வெளியே வந்து சேர ஆகும் நேரமும் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பவே அமைவதால், துகள் பாதியானால் அந்த நேரம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. நீர் 4 மடங்கு அதிக நேரம் தங்குகிறது, தேவைப்படும் நேரமோ கால் பங்காகிறது. ஆக, அரைப்பில் துகளின் அளவு பாதியாக மாறினாலே இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம் 16 மடங்கு மாறிவிடுகிறது. அரைக்கும் கடைக்காரர் இயந்திரத்தின் திருகைச் சற்றே திருப்பினாலும் நாக்கு அதை உடனே கண்டுபிடித்துவிடுவதற்கு இந்த இரட்டை இருமடிதான் காரணம். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பெரிய விளைவைத் தருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பொடியை அழுத்தும் விதமும் இதே கணக்கில்தான் சேரும். காம்பு வைத்த தட்டால் பலமாக அழுத்தினால் துகள்களின் இடைவெளி சுருங்கி ஓட்டம் நின்றுபோகும். அழுத்தாமலே விட்டால் நீர் தனக்கென ஓரிரு பாதைகளை வெட்டிக்கொண்டு, பெரும்பகுதிப் பொடியைத் தொடாமலே இறங்கிவிடும். பொடியை மட்டமாகப் பரப்பி, தட்டு தன் எடையோடு சற்றே அமரும்படி வைத்தால் போதும். புதிதாக வறுத்த பொடியில் கார்பன் டை ஆக்சைடு தங்கியிருப்பதால், முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் விட்டு, அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுவது நல்லது. இல்லாவிட்டால் வாயுக் குமிழிகள் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் டிகாக்ஷன் இறங்காமல் நிற்குமானால், குற்றம் பெரும்பாலும் கீழ்பாத்திரத்துக் காற்றில் இருக்கிறது. இரண்டு பாத்திரங்களும் பொருந்தும் விளிம்பு நனைந்திருந்தால், தலைமுடியளவு இடுக்கில் நிற்கும் நீர்ப்படலம் பரப்பு இழுவிசையால் அந்த இடத்தை அடைத்துவிடும். இப்போது கீழே விழும் ஒவ்வொரு சொட்டும் அங்குள்ள காற்றை நெருக்குகிறது. மேலே நிற்கும் நீரின் உயரம் 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீருக்குச் சமம் என்பதால், நம் நீரின் அழுத்தம் அதில் 200-இல் ஒரு பங்குதான். கீழே 200 மில்லிலிட்டர் காற்று இருந்தால், வெறும் 1 மில்லிலிட்டர், அதாவது சுமார் 20 சொட்டு இறங்கியதுமே காற்றின் எதிரழுத்தம் நீரின் அழுத்தத்தைச் சமன் செய்துவிடும். சொட்டே விழாவிட்டாலும், அடைபட்ட காற்றின் வெப்பநிலை ஒன்றரை டிகிரி உயர்ந்தால் அதே விளைவு ஏற்படும். சூடான டிகாக்ஷனிலிருந்து எழும் நீராவி இன்னும் கூட்டும். பொடியின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் நிரம்பியிருப்பதால் அந்தக் காற்று எளிதில் மேலே ஏறவும் வழியில்லை.

மேல்பாத்திரத்தை ஒருமுறை மெல்லத் தூக்கி மறுபடி வைத்தால் சொட்டத் தொடங்குவதற்கு இதுவே விளக்கம். விளிம்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பொருத்தினால் அதற்கும் தேவை இருக்காது. ஃபில்டரைத் தட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; படலம் உடையலாம், ஆனால் நுண்தூள் கீழே நகர்ந்து துளைகளை அடைக்கும்.

வெந்நீர் கொதித்து அடங்கியதும் ஊற்றப்பட வேண்டும். கொதிநிலையை ஒட்டிய நீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை, 25 டிகிரியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், ஆறிய நீர் மெதுவாக இறங்கும், குறைவாகவே கரைக்கும். பித்தளை ஃபில்டரால்தான் மணம் வருகிறது என்ற நம்பிக்கைக்கு நான் இயற்பியலில் ஆதாரம் காணவில்லை. காப்பி சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதால் பித்தளையென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருப்பது அவசியம். சிக்கரி எடையில் பாதிக்கும் மேல் கரைந்துவிடும், ஆனால் அதில் காஃபின் கிடையாது. எனவே கறுத்த டிகாக்ஷன் எல்லாம் வலுவான காப்பி ஆகாது. இந்தியச் சட்டப்படி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டன், எரிமலைச் சாம்பலின் மின்னேற்றத்தை ஆராய்பவர்களோடு சேர்ந்து 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அரைக்கும்போது உராய்வால் உண்டாகும் நிலைமின் நுண்தூளைக் கட்டியாக்குகிறது என்றும், கொட்டையில் முன்பே சிறிது நீர் சேர்த்தால் அது குறைந்து எஸ்பிரெசோ சீராக இறங்குகிறது என்றும் அது காட்டியது. சிக்மகளூரு மாவட்டத்துப் பாலேஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையம் இலைத் துருநோயைத் தாங்கும் ரகங்களைத் தந்து நம் தோட்டங்களுக்குப் பேருதவி செய்திருக்கிறது. அதே அக்கறை அடுப்படி ஃபில்டருக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தராசும் நிறுத்துகடிகாரமும் வெப்பமானியும் உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகமும் ஃபில்டரை ஆராயலாம், அதற்கான சிறு நிதியை மறுப்பதில் நியாயமில்லை.

தொடங்க விரும்புவோர் 30 கிராம் பொடிக்கு 150 மில்லிலிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொள்ளலாம். பொடி தன் எடையைப்போல் இருமடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால் 90 மில்லிலிட்டர் அளவுக்கு டிகாக்ஷன் கிடைக்கும். அது மிக விரைவாக இறங்கினால் அடுத்த முறை சற்று நைசாகவும், நெடுநேரம் இழுத்தால் சற்றுக் கரகரப்பாகவும் அரைத்துத் தரச் சொல்லுங்கள். கிடைத்த டிகாக்ஷனை அடுப்பில் ஏற்றிச் சூடாக்காமல், பாலை மட்டும் கொதிக்கவைத்து அதில் கலந்துகொள்ளுங்கள்.