ஆக்சஸ் பாயின்ட்ட ஃபுல் பவர்ல வைக்காதீங்க, கெஞ்சி கேக்கறேன்

போன வாரம் மறுபடியும் அதே கம்ப்ளைன்ட். "சார், அவங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது, நான் பேசறது அவங்களுக்கு சுத்தமா கேக்கல." இந்த வருஷத்துல இது எத்தனையாவதுன்னு எண்றதையே விட்டுட்டேன். இந்த தடவ ஒரு மூணு மாடி ஆஸ்பத்திரி, சிஸ்டருங்க கைல ஆளுக்கொரு வைஃபை போன், டாக்டர கூப்பிடணும்னாலும் பிளட் பேங்க்ல கேக்கணும்னாலும் அதுதான். போன் குடுத்தவர் வைஃபை சரியில்லங்கறார், வைஃபை போட்டவர் போன் மட்டம்ங்கறார், நடுவுல ஒரு சிஸ்டர் ரெண்டாவது மாடி வராண்டால நின்னு ஒரு காத பொத்திக்கிட்டு "ஹலோ, ஹலோ"ன்னு கத்திட்டு இருக்காங்க. போன்ல டவர் என்னவோ ஃபுல்.

எல்லா வைஃபை பெட்டியையும் ஒரே எடத்துல இருந்து செட் பண்ற கன்ட்ரோலர தொறந்து பாத்தா நெனச்ச மாதிரியே இருக்கு. எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் (வைஃபை சிக்னல் குடுக்கற பெட்டி, சுருக்கமா ஏபி) 23 டிபிஎம், அதாவது சிக்னல் அனுப்பற பவர் 200 மில்லிவாட். அந்த போனோட டேட்டா ஷீட்ல அதிகபட்சம் 12 டிபிஎம், கிட்டத்தட்ட 16 மில்லிவாட். பன்னண்டு மடங்கு வித்தியாசம்! ஏன் சார் இவ்ளோ வெச்சீங்கன்னு அங்க இருந்த ஐடி தம்பிய கேட்டா, "ரேஞ்ச் நல்லா வரட்டும்னுதான் சார்"ங்கறார்.

இந்த ஒரு பதிலுக்குத்தான் இந்த போஸ்ட்டே.

கோயில் கொடைக்கு மைக் செட் போடறோம், குழாய் ஸ்பீக்கர் சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் கேக்குது. சரி, அடுத்த ஊர்ல இருக்கறவர் அங்கிருந்தே "ஏய் அந்த பாட்ட மாத்துப்பா"ன்னு சொன்னா மைக் செட்காரருக்கு கேக்குமா? ஸ்பீக்கர இன்னும் ரெண்டு சேத்து கட்டினா கேக்குமா? கேக்காதுல்ல, அதேதான் இதுவும். நீங்க பவர ஏத்தறது ஏபியோட வாய்க்கு, அதோட காதுக்கு இல்ல. போன்ல தெரியற டவர் "ஏபி பேசறது எனக்கு எவ்ளோ நல்லா கேக்குது"ன்னு மட்டும்தான் சொல்லும், "நான் பேசறது ஏபிக்கு போகுதா"ன்னு அது சொல்லவே சொல்லாது. டவர் ஃபுல்லா இருக்குன்னு யாராவது சொன்னா எனக்கு பாதி நிம்மதிதான். வீடியோ பாக்கறவங்களுக்கு இது சீக்கிரம் தெரியாது, ஏன்னா டேட்டா முக்காவாசி ஒரு பக்கமாதான் வருது. கால் ரெண்டு பக்கமும் ஓடணும், அதான் குட்டு ஒடையுது.

கணக்கு வேணும்னா அந்த வராண்டாவையே எடுத்துக்கங்க. சிஸ்டர் நின்ன இடத்துல போன் சிக்னல் மைனஸ் 68 டிபிஎம்னு காட்டுச்சு (மைனஸ் நம்பர் பெருசாக பெருசாக சிக்னல் வீக்). ஏபி 23ல அனுப்பி மைனஸ் 68ல வந்திருக்குன்னா வழியில 91 டிபி காலி. திரும்பி போறப்பவும் அதே 91தான், சுவரு ஆள் பாத்து வரி போடாது. போன் 12ல அனுப்பினா ஏபிக்கு மைனஸ் 79ல சேரும். அங்க இரைச்சலே மைனஸ் 87ல இருக்கு, மிச்சம் 8 டிபி. வாய்ஸுக்கு 25ஆவது இருக்கணும். பேச்ச துண்டு துண்டா பாக்கெட்டா அனுப்பற போன், போய் சேராதத மறுபடி மறுபடி அனுப்பி பாக்குது, பேட்டரிதான் தீருது. "சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் எறங்கிடுது சார்"னு அவங்க தனியா ஒரு கம்ப்ளைன்ட் வேற வெச்சிருந்தாங்க, அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு யாருக்கும் தோணல.

இன்னொரு கூத்து சொல்லவா? அந்த சிஸ்டர் தலைக்கு மேலயே ஒரு ஏபி இருக்கு! போன் அதுல இல்ல, லிஃப்ட் பக்கத்துல ஏறினப்ப புடிச்ச ஏபிய விடாம புடிச்சிட்டு வந்திருக்கு. ஏபி மாறணுமா வேணாமான்னு முடிவு பண்றது போன்தான், நிறைய போன்ல சிக்னல் மைனஸ் 70க்கு கீழ போனாதான் வேற ஏபியவே தேடும். நீங்க கத்தற கத்துல மைனஸ் 68 கெடைக்குது, அது ஏன் தேடப் போகுது? நான் ஏபி பவர 14க்கு எறக்கினேன், அதே இடத்துல லிஃப்ட் ஏபி மைனஸ் 77 ஆச்சு, போன் அத விட்டுட்டு தலைக்கு மேல இருக்கறதுக்கு தாவிடுச்சு. கால் க்ளீன். பத்து நிமிஷ வேலை, இதுக்கு மூணு மாசம் சண்டை போட்டிருக்காங்க.

"சட்டப்படி வைக்கலாம்ல"ன்னு கேப்பாங்க. வைக்கலாம், இந்தியாவுல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல (வைஃபை ஓடற அலைவரிசைல ஒண்ணு, இன்னொண்ணு 5) ஆண்டெனாவோட சேத்து 4 வாட் வரைக்கும் லைசென்ஸே வேணாம். அதுக்காக?

சரி, செய்ய வேண்டியத சொல்றேன். உங்ககிட்ட இருக்கற போன்லயே பலவீனமானது எதுன்னு டேட்டா ஷீட்ல பாருங்க, ஏபி பவர அதுக்கு சமமா வைங்க, ஏபிக்கு ஆண்டெனா அதிகம், கொஞ்சம் நல்லா கேக்கும்ங்கறதால 2, 3 டிபி கூட இருந்தா தப்பில்ல. ஆட்டோ பவர் (பவர தானா ஏத்தி எறக்கிக்கற செட்டிங்) வெச்சிருந்தா மினிமம், மேக்ஸிமம் ரெண்டும் கட்டாயம் போடுங்க, சும்மா விட்டா ஏபி தள்ளித்தள்ளி இருக்கற எடத்துல அது பாட்டுக்கு உச்சத்துக்கு போய்டும். வாய்ஸ 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டுங்க, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 2.4 தேவைன்னா 1, 6, 11 தவிர வேற சேனல் தொடாதீங்க, பவர 5ல இருக்கறத விட 6 டிபி கொறச்சு வைங்க, நெருக்கமா இருந்தா ஒரு ஏபி விட்டு ஒரு ஏபில 2.4 ரேடியோவையே ஆஃப் பண்ணிடுங்க. 1, 2 எம்பிபிஎஸ் மாதிரி பழைய ஸ்பீட ஏபி செட்டிங்ல இருந்து எடுத்துடுங்க.

பவர கொறச்சா எங்கயாவது சிக்னல் இல்லாத ஓட்ட தெரியும், தெரியட்டும். அங்க இன்னொரு ஏபி வேணும்னு அர்த்தம், பவர திருப்பி ஏத்தணும்னு இல்ல. ஓனர் கிட்ட காசு கேக்க கூச்சப்பட்டுட்டு நாப்ப திருப்பினா கஷ்டப்படப்போறது வார்டுல இருக்கறவங்க.

சிக்னல் சர்வே எடுக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். லேப்டாப்ப தூக்கிட்டு காலி பில்டிங்ல நடந்துட்டு எல்லா எடத்துலயும் சிக்னல் இருக்குன்னு பச்சை கலர் மேப் குடுக்காதீங்கப்பா. நெஜமா ஓட்டப்போற பவர்ல ஏபிய வைங்க, அங்க பேசப்போற அதே போன கைல எடுங்க, கதவெல்லாம் சாத்துங்க, கால் போட்டு காதுல வெச்சு நடங்க, தலையும் கையுமே சில டிபி முழுங்கிடும். மைனஸ் 67ஆவது எல்லா எடத்துலயும் இருக்கணும். எக்ஸ்ரே ரூம் வாசல், லிஃப்ட் முன்னாடி, இரும்பு பீரோ அடுக்கி வெச்ச ரெக்கார்ட் ரூம், இந்த மூணுலயும் ரெண்டு தடவ நடங்க.

ஒரேயடியா எறக்காதீங்க. 3 டிபி, 3 டிபியா, ஒரு நாளைக்கு ஒரு மாடி. முடிஞ்சதும் வெச்ச பவர் நம்பர மார்க்கர்ல எழுதி நெட்வொர்க் சாமான் இருக்கற ரேக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, இல்லன்னா அடுத்து வர்ற தம்பி ரேஞ்ச் நல்லா வரட்டும்னு திரும்ப 23ல வெச்சிட்டு போய்டுவார்.