அச்சொட்டாக அவர் குரல்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூங்காவனத் திருவிழா இரவு. பதினொரு மணி தாண்டிவிட்டது. வீதி மணலில் பாய் விரித்து அரைத் தூக்கத்தில் கிடந்த சனம், மேடையில் நின்ற அண்ணை "முருகா" என்று ஓர் இழுவை இழுத்ததும் எழும்பி உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த ஆச்சி கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டு, "அச்சொட்டா ரி.எம்.எஸ் தான்" என்றார்.

அந்த அண்ணை பகலில் மேசன் வேலை செய்கிறவர். கதைக்கும்போது மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பு. ரி.எம்.சௌந்தரராஜனின் குரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு எப்படி அந்த ஆச்சி எழும்பி உட்கார்ந்தார்? குரலைப் பற்றிய அறிவியலைப் படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது இதுதான்: மேடையில் அண்ணை பாடுவது எங்கள் நினைவுக்குள் இருக்கிற ரி.எம்.எஸ்ஸை.

முதலில் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குழலில் செருகிய பிறகுதான் அது நாதஸ்வரம். எங்கள் தொண்டையில் சீவாளியின் வேலையைச் செய்பவை குரல்நாண்கள். ஆண்களுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமான இரண்டு மடிப்புகள். மூச்சு வெளியே வரும்போது அவை ஒன்றோடொன்று அடித்து அதிரும். ஆண் ஒருவர் கதைக்கும்போது நொடிக்கு 100 முதல் 130 தடவை அளவில். குழலின் வேலையைச் செய்வது தொண்டையிலிருந்து உதடு வரையான பாதை. வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 செ.மீ. ஒரு முனை மூடிய 17 செ.மீ. குழாய் 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) ஆகிய இடங்களில் ஒத்ததிரும், அதாவது அந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். நாக்கும் தாடையும் உதடும் அசைய அந்த இடங்கள் நகரும். 'ஆ' வேறு, 'ஈ' வேறு என்று காது பிரித்தறிவது அதனால்தான். ஒரு வித்தியாசம்: நாதஸ்வரத்தில் சுருதியைத் தீர்மானிப்பதிலும் குழலுக்குப் பங்குண்டு. தொண்டையில் சுருதி நாண்களின் வேலை, குரலின் நிறம் பாதையின் வேலை. இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். சுவீடன் நாட்டு அறிஞர் குனார் ஃபான்ட் 1960இல் இதை விரிவான கோட்பாடாக எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு இது கையால் தெரியும். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிற கை சோர்ந்தால் கசெட் மெதுவாகும். பாடகரின் குரல் தடித்து, பூதம் பாடுவது போல ஆகிவிடும். "கெதியாச் சுத்தடா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும், சுற்றினால் மனிதர் திரும்பி வருவார். ரேப் 10 சதவீதம் மெதுவானால் சுருதி 10 சதவீதம் இறங்கும். ஒத்ததிரும் இடங்களும் சேர்ந்து அதே அளவு இறங்கும். காதுக்கு அது, பாடகரின் 17 செ.மீ. பாதை திடீரென்று 19 செ.மீ. ஆனது போல. அதே பாடகர் தானாகவே சுருதியை இறக்கிப் பாடினால் பூதம் வராது. பாதை மாறவில்லையே!

குரல் மாற்றிப் பாடுகிறவரின் கஷ்டமும் இங்கேதான். சுருதியைப் பிடிப்பது சங்கீதம் தெரிந்தவருக்குப் பெரிய காரியமில்லை. பாதையை இன்னொருவருடைய பாதை ஆக்குவதுதான் கடினம். எலும்பை மாற்ற முடியாது. ஆனால் கொஞ்சம் ஏமாற்ற முடியும். நான் மேடைக்குக் கிட்டப் போய் நின்று அண்ணையின் கழுத்தைப் பார்த்திருக்கிறேன். ரி.எம்.எஸ் பாட்டு என்றால் நாடி உள்ளே இழுபடும், குரல்வளை மேடு ஒரு விரற்கடை கீழே இறங்கும். பாதை நீண்டு குரல் கனக்கும். அடுத்து எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்றால் முகமே மாறிவிடும். கன்னம் விரிந்து, பல் தெரிய, சிரித்துக்கொண்டு பாடுவார். உதடு பின்னுக்கு இழுபட்டால் பாதையின் நீளம் குறைந்து, ஒத்ததிரும் இடங்கள் மேலே ஏறும். இருட்டில் இருந்து கேட்டாலும் 'இந்த ஆள் சிரிக்கிறார்' என்று தெரிவது அதனால்தான். எஸ்.பி.பி.யின் புன்னகையைப் பிடிக்காமல் சுரத்தை மட்டும் பிடிப்பவர் எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும் எனக்கு அவர் எஸ்.பி.பி. ஆவதில்லை.

1997இல் சுவீடனில் எரிக்சன், வ்ரெட்லிங் என்ற இருவர் தொழில்முறைப் பலகுரல் கலைஞர் ஒருவரின் பேச்சை அளந்து பார்த்தார்கள். சராசரிச் சுருதியும் அதன் ஏற்ற இறக்கமும் பின்பற்றப்பட்டவரோடு மிக நெருக்கமாக ஒத்துப்போயின. பேச்சின் மொத்த வேகமும் அப்படித்தான். ஒத்ததிரும் இடங்கள் சிலவற்றில் வெற்றி, சிலவற்றில் இல்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தொலிக்கும் எவ்வளவு நேரம் என்ற நுண்ணிய கணக்கு அந்தக் கலைஞரின் சொந்தக் குரலில் இருந்தபடியே, ஏறக்குறைய மாறாமல் கிடந்தது. வெற்றிகரமான போலிக்குள்ளும் சொந்தக்காரர் ஒளிந்திருக்கிறார். காது அதைக் கவனிப்பதில்லை.

ஏன் கவனிப்பதில்லை? காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டில், மனிதக் குரலுக்கென்றே கூடுதலாக வேலை செய்யும் பகுதிகள் இருப்பதை 2000இல் பாஸ்கல் பெலின் குழுவினர் கண்டார்கள். பழகிய குரலை நாங்கள் முழு ஒலிப்பதிவாகச் சேமித்து வைப்பதில்லை என்றே தோன்றுகிறது. மற்றவர்களிடமிருந்து அந்தக் குரல் எங்கே விலகுகிறதோ, அந்த விலகல்தான் மனதில் தங்கும். ரி.எம்.எஸ் என்றால் எனக்கு அழுத்தித் திருத்திய தமிழ் உச்சரிப்பு, வரியின் முடிவில் விடாமல் பிடித்து நிற்கிற கம்பீரம். சீர்காழி கோவிந்தராஜன் என்றால் வெண்கலம். அந்த ஒன்றிரண்டைச் சரியாகக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ரி.எம்.எஸ்ஸே இதற்குச் சாட்சி. எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு வேறு விதமாகவும் பாடினார். தொண்டை ஒன்றுதான், படத்தைப் பார்க்காமலே யாருக்கான பாட்டு என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்வார்கள்.

கேட்பவரின் எதிர்பார்ப்பும் பாதி வேலையைச் செய்யும். 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் ரெமெஸ் குழுவினர் பேச்சை மூன்று விசில் ஒலிகளாகச் சுருக்கிப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்டவர்களில் பலருக்கு அது வெறும் விசில். 'இது பேச்சு' என்று சொல்லிவிட்டுப் போட்டால் வசனம் விளங்கியது. அறிவிப்பாளர் "அடுத்து ரி.எம்.எஸ் குரலில்" என்று சொல்வதும், அண்ணை நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருவதும் வெறும் சோடனை அல்ல. பாட்டுத் தொடங்கும் முன்பே காது தயாராகிவிடுகிறது.

எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. இந்தப் பாடகர்களை நாங்கள் நேரில் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. இலங்கை வானொலியின் மத்திய அலையிலும், பனையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலும் கேட்டோம். கூம்பு அடி ஒலிகளை விழுங்கிவிடும், உச்ச ஒலிகளையும் தேய்க்கும்; நடுப்பகுதியை மட்டும் தள்ளிவிடும். மனிதக் காதுக் குழாய் சுமார் 2.5 செ.மீ.; அது ஒத்ததிர்வதும் 3000 ஹேர்ட்ஸை ஒட்டித்தான். ஆகவே அந்த நடுப்பகுதியில் பலம் கொண்ட வெண்கலக் குரல் கூம்பில் இரண்டு மடங்கு வெண்கலமாக ஒலிக்கும். சீர்காழியைப் பாடுகிறவர் கோயில் வீதியில் சுலபமாக வெல்வதற்கும், பி.பி.ஸ்ரீநிவாஸின் பஞ்சு போன்ற குரலைப் பாடுகிறவர் அதே மேடையில் திண்டாடுவதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஸ்ரீநிவாஸுக்குப் பெட்டி ஒலிபெருக்கி வேண்டும், சின்ன மண்டபம் வேண்டும்.

சரி, நம்ப வைப்பது ஒன்று, கூத்தாக்கிச் சிரிக்க வைப்பது வேறொன்று. 1987இல் ஜில்லியன் ரோட்ஸ் குழுவினர் தெரிந்த முகங்களைக் கோட்டோவியமாக வரைந்து காட்டியபோது, உள்ளபடி வரைந்ததைவிட மிகைப்படுத்தி வரைந்த கேலிச்சித்திரத்தை மக்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். குரலிலும் இப்படித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். பலகுரல் கலைஞர் இழுவையை இன்னும் இழுத்து, சிரிப்பை இன்னும் சிரித்தால் சனம் உடனே கைதட்டும். ஆனால் அது இரண்டு வரிக்குத்தான் தாங்கும். முழுப் பாட்டுக்கும் மிகைப்படுத்தினால் பாட்டு செத்துப்போகும். அண்ணை பல்லவியின் முதல் வரியில் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து ஆளை யாரென்று காட்டிவிடுவார். அப்புறம் அடக்கிவிடுவார். இந்த அளவு தெரிவதுதான் கலை.

போன கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சீமெந்து கழுவின கையோடு கிணற்றுக்கட்டில் இருந்து, கைபேசியில் பதிந்து பதிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாடும்போது எங்கள் குரல் மண்டை எலும்பு வழியாகவும் எங்கள் காதுக்கு வருகிறது. அதனால் மற்றவர்கள் கேட்கும் குரல் எங்களுக்குத் தெரியாது. பதிந்து கேட்பதைத் தவிர வழியில்லை.

"குரல் வந்திட்டுது தம்பி. மூச்சு எடுக்கிற இடம்தான் வரேல்லை" என்றார்.

மூலப் பாட்டைப் போட்டார், பிறகு தன்னுடையதை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. மூன்றாம் தடவை, சரணத்தின் நடுவில், அவருடைய மூச்சு அரைத்தாளம் முந்தி வந்ததைக் காட்டித்தந்தார். அதை அழித்துவிட்டு, கிணற்றுப் பக்கம் திரும்பி, சரணத்தை முதலிலிருந்து பாடத் தொடங்கினார்.