ஹாமித் புகழ்பவர், ஹமீத் புகழுக்குரியவர்

ஒரே வகுப்பில் ஹாமித் என்றொரு பையனும் ஹமீத் என்றொரு பையனும் இருந்தால், ஆங்கிலப் பதிவேட்டில் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே எழுத்துகள்தான். தமிழில் எழுதினால் உடனே பிரிந்துவிடுவார்கள். குறிலும் நெடிலும் இடம் மாறுவதில் அர்த்தமே தலைகீழாகிறது. ஹாமித் என்றால் புகழ்கிறவர், ஹமீத் என்றால் புகழுக்குரியவர்.

தமிழில் 'புகழ்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டிக்கொண்டே போவோம்: புகழ்ந்தான், புகழ்பவன், புகழப்பட்டவன். வேர் உடையாது. அரபியில் வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள். இங்கே ஹ், ம், த். உயிர் இல்லாததால் அதை அப்படியே உச்சரிக்க முடியாது. இடையிடையே உயிர் புகுந்தால்தான் சொல் பிறக்கும். ஹம்த் என்றால் புகழ். 'அல்ஹம்துலில்லாஹ்' (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்பதில் இருப்பது இதுதான்.

உயிர்கள் இஷ்டத்துக்குப் புகுவதில்லை, அதற்கு அச்சுகள் உண்டு. முறுக்கு உழக்கில் வில்லையை மாற்றினால் அதே மாவு வேறு வடிவத்தில் விழுகிறதே, அதுபோல. பழைய அரபு இலக்கணக்காரர்கள் 'செய்' என்று பொருள்படும் வேரை வைத்தே அச்சுகளுக்குப் பெயர் சூட்டினார்கள். ஃபாஇல் என்றால் செய்பவர், மஃப்ஊல் என்றால் செய்யப்பட்டது. முதல் அச்சில் ஹ்-ம்-த் வேரைப் போட்டால் ஹாமித், இரண்டாவதில் போட்டால் மஹ்மூத், அதாவது புகழப்பட்டவர். உதவியைக் குறிக்கும் ந்-ஸ்-ர் வேரைப் போட்டால் நாஸிர், மன்ஸூர்: உதவுபவர், உதவப்பட்டவர். இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால், தெருவில் கேட்கும் பாதிப் பெயர்கள் கதவைத் திறந்துவிடும்.

ஹமீத் வேறு அச்சு. நிலையாக ஒட்டியிருக்கும் குணத்தைச் சொல்வது அது. கபீர் (பெரியவர்) அந்த அச்சில் வந்ததுதான். கபீரிலிருந்து 'மிகப் பெரிய' என்று அக்பர் வருவதுபோல, ஹ்-ம்-த் வேரிலிருந்து 'மிகவும் புகழுக்குரிய' என்று அஹ்மத் வருகிறது. நடு மெய்யை இரட்டித்தால் செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பொருள். அப்படி வந்ததுதான் முஹம்மத், மீண்டும் மீண்டும் புகழப்பட்டவர். தமிழில் 'முகம்மது' என்று எழுதும்போது அந்த இரட்டை மகரம் பத்திரமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அல்-ஹமீத் இறைவனின் திருநாமங்களில் ஒன்று. அதனால் அப்துல் ஹமீத் என்றால் புகழுக்குரியவனின் அடியான். சுருக்கமாக 'அப்துல்' என்று கூப்பிட்டால், யாருடைய அடியான் என்பதைச் சொல்லாமலேயே பாதியில் நிறுத்துகிறோம்.

ஊர் மாறினால் பெயரின் வாலும் மாறும். துருக்கிய மொழியில் சொல்லின் கடைசி ஒலி வன்மையாகி, d என்பது t ஆவதால் அஹ்மெத் (Ahmet), மெஹ்மெத் (Mehmet). 1453-இல் கான்ஸ்டாண்டினோபிளைக் கைப்பற்றிய சுல்தானின் பெயரும் முஹம்மதின் துருக்கிய வடிவமே. மேற்கு ஆப்பிரிக்காவில் அமடூ, மமடூ. தமிழில் வல்லின மெய்யோடு சொல் முடியாது, ஆகவே ஓர் உகரம் சேர்ந்து ஹமீது, மஹ்மூது ஆகிறது.

சரி, தமிழ் நழுவவிட்டதும் ஒன்று உண்டு. அரபியில் இரண்டு ஹகரங்கள் இருக்கின்றன. ஒன்று நம் 'ஹ' போன்றது. இந்தப் பெயர்களில் வருவது மற்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வாயைத் திறந்து ஆவி விடுவோமே, அந்தக் காற்றை இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் இறுக்கினால் வரும் ஒலி. அதை விட்டுச் சாதாரண 'ஹ' போட்டால் வேறு வேர் வந்துவிடும்: தீ அணைந்து அடங்குவது, உயிரற்றுக் கிடப்பது. குர்ஆனின் 22-ஆம் அத்தியாயம் 5-ஆம் வசனத்தில் வறண்ட நிலத்தைச் சொல்லும் 'ஹாமிதா' அந்த வேரிலிருந்து வந்தது. மழை இறங்கியதும் அந்த நிலம் அசைந்து, பருத்து, அழகிய பயிர்களை முளைப்பிக்கிறது என்று அதே வசனம் தொடர்கிறது.