மலை மிதிவண்டியின் சட்டகம்: எடை எங்கே குறைகிறது, விரிசல் எங்கே தொடங்குகிறது

1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச் சரிவுகளில் பழைய மிதிவண்டிகளை ஓட்டி இறங்கிய இளைஞர்களுக்குச் சட்டகம் முறிவது ஓயாத தொல்லையாக இருந்தது. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-இல் மலைப்பாதைக்கென்றே ஒரு மிதிவண்டியைக் குரோமோலி எஃகுக் குழாய்களால் கட்டினார். குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த இந்த எஃகு சாதாரண எஃகைவிட இலகுவானதன்று. வலிமை மிகுந்தது என்பதால் குழாயின் சுவரை மெலிதாக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

அலுமினியம் இலகுவான உலோகம், ஆகவே அதில் செய்த சட்டகமும் இலகு என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்கு அவ்வளவு நேரடியானதன்று. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், டைட்டானியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7. வளைவை எதிர்க்கும் விறைப்பைக் குறிக்கும் யங் குணகமோ எஃகுக்குச் சுமார் 205 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 105, அலுமினியத்துக்கு 69. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் மூன்று உலோகங்களும் 23-க்கும் 26-க்கும் இடையில் நெருங்கி வந்து நிற்கின்றன; அதாவது ஒரே எடைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே விறைப்பைத்தான் தருகின்றன.

அப்படியானால் அலுமினியத்தின் ஆதாயம் எங்கிருந்து வருகிறது? குழாயின் பருமனிலிருந்து. சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரு மடங்காக்கினால், எடை இரு மடங்காகும்போது வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகிறது. எஃகுக் குழாயையும் இப்படிப் பெருக்கலாமே என்று தோன்றும். ஆனால் நல்ல குரோமோலிக் குழாயின் நடுப்பகுதியில் சுவர் ஏற்கெனவே 0.6 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. எடை கூடாமல் பெருக்க அதை இன்னும் மெலிதாக்கினால், தெறிக்கும் கல் பட்டாலே குழி விழும். அடர்த்தி மூன்றில் ஒரு பங்கே என்பதால், அலுமினியத்தில் சுவரைத் தடிமனாக வைத்துக்கொண்டே குழாயைப் பருமனாக்க முடிகிறது. முன்னால் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள வண்டிகளில் எஃகுச் சட்டகம் பொதுவாக இரண்டு கிலோவைத் தாண்டுவதும், அலுமினியம் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவுக்குள் அடங்குவதும் இதனால்தான்.

ஆயுளைத் தீர்மானிப்பது வேறொன்று. சட்டகம் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. கம்பியை முன்னும் பின்னும் வளைக்க வளைக்க அது ஒரு கட்டத்தில் அறுந்துபோவதுபோல, ஒவ்வொரு மிதியும் ஒவ்வொரு குலுக்கலும் சேர்ந்து உலோகச் சோர்வை உண்டாக்குகின்றன. எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் ஒரு தாங்குவரம்பு உண்டு; தகைவு (உலோகத்தின் குறிப்பிட்ட பரப்பில் விழும் விசை) அதற்குக் கீழே இருக்கும்வரை எத்தனை கோடி முறை அசைந்தாலும் விரிசல் விழாது என்றே பொறியாளர்கள் கொள்கிறார்கள். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான வரம்பு கிடையாது. சிறு தகைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. ஆதலால் தேவைக்கு மேல் உலோகத்தை வைத்து அந்தக் கணக்கை வெகுதூரம் தள்ளிப்போடுகிறார்கள். மிதிவண்டிப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 என்ற பன்னாட்டுத் தரநிலையில் மலை மிதிவண்டிச் சட்டகத்தின் மீது 1200 நியூட்டன் மிதிவிசையை 1,00,000 சுற்றுகள் செலுத்திச் சோதிப்பதும் இந்தச் சோர்வை அறியத்தான்.

விரிசலைத் தேட வேண்டிய இடம் பற்றவைப்பின் ஓரம், குறிப்பாகக் கைப்பிடித் தண்டு நுழையும் முன்குழாயின் அடிப்பக்கம். சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பெயின்டில் மயிரிழை அளவுக் கோடு முதலில் தெரியும். அது பெயின்டின் கீறல்தான் என்று விட்டுவிடுவது ஆபத்து.

கார்பன் நார் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. எபாக்சிப் பிசினில் பதிந்த நாரின் அடர்த்தி சுமார் 1.6; விசை பாயும் திசையிலேயே நாரை அடுக்கலாம் என்பதால் ஒரு கிலோவை ஒட்டிய சட்டகமும் சாத்தியமாகிறது. சோர்வை அது சிறப்பாகவே தாங்குகிறது. கூரிய பாறையின் இடிதான் அதன் பலவீனம்: உலோகம் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும் இடத்தில், கார்பனின் உள்ளடுக்குகள் மேற்பரப்பு கலையாமலே பிரிந்துவிடலாம். நாணயத்தால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால் சந்தேகப்பட வேண்டும்.

நெடுந்தொலைவுப் பயணிகள் எஃகை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. முறிந்த எஃகைத் தேர்ந்த வெல்டர் ஒருவர் பற்றவைத்துத் தர முடியும். டைட்டானியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வாயுவின் காப்பு தேவை. 6061 என்னும் அலுமினியக் கலவையோ பற்றவைத்த வெப்பத்தில் வலிமையின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், சட்டகம் முழுவதையும் உலையில் வைத்து மறுபடி பதப்படுத்த வேண்டும். அதைவிடப் புதியது வாங்குவதே பெரும்பாலும் மலிவு.