ஜீயஸும் இந்திரனும் உறவா?

இந்திரன் கையில் வச்சிராயுதம். கிரேக்கர்களின் ஜீயஸ் கையில் இடி. வட ஐரோப்பாவின் தோர் கையில் சம்மட்டி. மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், ஒரே கடவுளுக்கு மூன்று பெயர் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். மத்திய அமெரிக்காவின் மாயா மக்களுக்கும் சாக் என்றொரு மழைக்கடவுள் உண்டு. அவர் கையில் மின்னல் கோடரி. மாயா மக்களுக்கும் கிரேக்கர்களுக்கும் நடுவே ஒரு பெருங்கடலே கிடந்தது. இடி எல்லா ஊரிலும் விழுகிறது. பச்சை மரம் இரண்டாகப் பிளந்து கிடப்பதைப் பார்த்தவர், மேலே யாரோ ஆயுதம் வீசுகிறார் என்று நினைக்க அடுத்த ஊர்க்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

பெயர் அப்படியல்ல, அது வாய்வழியாகத்தான் வர முடியும். பெயரை வைத்துப் பார்த்தால் ஜீயஸின் உறவினர் இந்திரன் இல்லை. பலரும் மறந்துவிட்ட த்யௌஸ். ரிக் வேதத்தில் இவருக்கென்று தனியாக ஒரு சூக்தம்கூடக் கிடையாது. பெரும்பாலும் பூமியோடு சேர்த்தே பாடப்படுகிறார். த்யௌஸ் பிதர், 'வானத் தந்தை'. கிரேக்கர்கள் ஜீயஸ் பாதேர் என்றார்கள். ரோமானியர்களின் ஜூப்பிட்டர் பெயரிலேயே அந்தத் 'தந்தை' ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

காதுக்கு ஒத்துப்போவதால் மட்டும் இதை நம்பவில்லை. கிரீஸில் பைலோஸ் அரண்மனையில், சுமார் கி.மு. 1200-ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்று கிடைத்தது. கடவுள்களுக்குக் கொடுத்த காணிக்கைக் கணக்கு அது. அதில் 'ஜீயஸுக்கு' என்பதை 'திவே' என்று எழுதியிருக்கிறார்கள். வேத சமஸ்கிருதத்தில் 'த்யௌஸுக்கு' என்பதும் 'திவே'தான். வேற்றுமை வடிவம்வரை பொருந்துகிறது! இரு மொழிகளும் ஒரே தாய்மொழியிலிருந்து வந்தவை என்பதை மற்ற ஒலி மாற்றங்களை வைத்து மொழியியலாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள், இதுவும் அவற்றோடு பொருந்துகிறது. இதே முறை ஏமாற்றத்தையும் தரும். 'கடவுள்' என்பதற்குக் கிரேக்கத்தில் தெயோஸ், லத்தீனில் தேயுஸ். இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இந்த இரண்டுக்கும் வேர் வேறு.

பெயர் மாறிவிட்ட கதைகளை என்ன செய்வது? பிரளயக் கதை அப்படிப்பட்டது. 1872-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு களிமண் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். வங்கி நோட்டுக்கு அச்சு வெட்டும் தொழில் கற்றவர் அவர். இன்றைய ஈராக்கான மெசொப்பொத்தேமியாவில் களிமண்ணில் பதித்து எழுதிய ஆப்பெழுத்தைத் தானாகப் படித்துக் கற்றுக்கொண்டார். அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நினிவே நூலகத்திலிருந்து வந்த பலகை அது, சுமார் 15 சென்டிமீட்டர் உயரம். அதில் ஒரு கப்பல் மலைமேல் தட்டி நிற்கிறது. உள்ளே இருப்பவர் முதலில் புறாவை விடுகிறார், திரும்பி வருகிறது. தகைவிலான் குருவியை விடுகிறார், அதுவும் வருகிறது. காக்கையை விடுகிறார், வரவில்லை. அவர் இறங்கிப் பலியிடுகிறார். தேவர்கள் அந்த வாசனையை முகர்ந்து ஈக்கள் மாதிரி மொய்க்கிறார்கள்.

பைபிளின் நோவாவும் மலையில் தட்டுகிறார், காகத்தையும் புறாவையும் விடுகிறார், பலியிடுகிறார், கர்த்தர் அதன் வாசனையை முகர்கிறார். வெள்ளம் எந்த ஆற்றங்கரையிலும் வரும். ஆனால் மலை, பறவைகள், பலி, வாசனை என்று இத்தனையும் அதே வரிசையில் தற்செயலாக அமைய வழியில்லை. மெசொப்பொத்தேமியக் கதைதான் மேற்கே போயிருக்கிறது. நம் மனுவின் கதையிலும் கப்பல் உண்டு, மலை உண்டு. ஆனால் அங்கே மீன் தன் கொம்பில் கப்பலைக் கட்டி இழுக்கிறது, பறவைகள் இல்லை. அதனால் நோவா கதைக்குச் சொன்ன உறவை இதற்கும் அப்படியே நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

விவரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இந்த உரைகல்லும் ஓரிடத்தில் தடுமாறும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் சாதாரணக் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறு விண்மீன்கள்தான் தெரியும். கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்றார்கள், ஒருத்தி மறைந்துவிட்டாள் என்றார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் ஏழு சகோதரிகள் உண்டு. வானியலாளர் ரே நோரிஸ் ஒரு விளக்கம் தருகிறார்: அதில் இரண்டு விண்மீன்கள் நமக்கு மெல்ல மெல்ல நெருங்கித் தெரிகின்றன, சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் அவை தனித்தனியாகத் தெரிந்திருக்கும், கதையும் அவ்வளவு பழையதாக இருக்கலாம். அழகான எண்ணம்தான். ஆனால் நல்ல இருட்டில் கூர்மையான கண்ணுக்கு இன்றும் ஏழும் அதற்கு மேலும் தெரிகின்றன. ஆறா ஏழா என்ற குழப்பம் வானத்திலேயே இருக்கும்போது, அதைக் கதைகளின் உறவுக்குச் சாட்சியாக அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

நம்மிடமும் அந்த ஏழு உண்டு. முருகன் பிறப்பைச் சொல்லும் பரிபாடலின் ஐந்தாம் பாடலில் முனிவர்களின் மனைவியர் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர்தான் கார்த்திகைப் பெண்கள் ஆகிறார்கள். விலகி நின்ற ஏழாமவள் காணாமல் போகவில்லை. கல்யாணத்தில் அம்மி மிதித்த கையோடு புதுப்பெண்ணுக்குக் காட்டுகிறோமே, வசிட்டர் பக்கத்தில் மினுங்கும் அந்த அருந்ததிதான் அவள்.