‘தாமதமாக’ இடுக்கப்படும் தொப்புள்கொடி

குழந்தை பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல், சற்று நேரம் விட்டுக் கிளாம்ப் என்னும் இடுக்கியைப் போடுவதற்கு ஆங்கிலத்தில் ‘டிலேய்டு கார்டு கிளாம்பிங்’ என்று பெயர். இதைத் ‘தாமதமான தொப்புள்கொடி இறுக்கம்’ என்று கையேட்டில் அச்சடித்தால், டாக்டர் டீ குடிக்கப் போய்விட்டார் என்றுதான் படிக்கிற தாய்க்குத் தோன்றும்.

முதலில் கொடியைப் பார்ப்போம். தொப்புளின் பழைய வடிவம் கொப்பூழ். நெடியோனின் கொப்பூழில் பூத்த தாமரைப் பொகுட்டைக் காஞ்சிக்கு உவமையாக்குகிறது பெரும்பாணாற்றுப்படை. பேச்சில் தொப்புள் நிலைத்துவிட்டது. பாடநூல்கள்தான் இன்னும் கொப்பூழ்க்கொடியை விடவில்லை. கொடியின் மறுமுனையில் இருப்பது நஞ்சு, அதாவது பிளசென்டா; விஷம் இல்லை. ‘நஞ்சு விழுந்துடுச்சா?’ என்று பாட்டிமார் கேட்பது இதைத்தான். மாடு போட்டால் அதற்கு இளங்கொடி என்று பெயர். சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள்.

பிறந்த பிறகும் கொடி சில நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும்; விரலால் பிடித்தால் தெரியும். நஞ்சில் தங்கிய ரத்தம் அப்போது குழந்தைக்கு வந்து சேர்கிறது. அவசரப்பட்டு இடுக்கினால் அது நஞ்சோடு நின்றுவிடும். உடம்பில் ரத்தமே கொஞ்சமாக உள்ள குறைமாதக் குழந்தைக்கு அது பெரிய இழப்பு. ஆஸ்திரேலியா தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் 30 வாரத்துக்கு முன் பிறந்த 1,500-க்கு மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்கு 10 நொடிக்குள் இடுக்கினார்கள். மறுபாதிக்கு 60 நொடியாவது பொறுக்க முயன்றார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது, இறப்பும் பெரிய குறைபாடும் சேர்ந்த கணக்கு பொறுத்த பக்கத்தில் குறைவு. அதிலும் குறைந்தது பெரும்பாலும் இறப்புதான். ‘மூளை நன்றாக வளரும்’ என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். குழந்தைக்கு உடனடி மூச்சுதவி தேவைப்படாவிட்டால், ஒரு நிமிடத்துக்கு முன் இடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

காத்திருக்க நேரமில்லாதபோது கொடியைக் குழந்தைப் பக்கமாக உருவிவிடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்குக் ‘கறத்தல்’ என்கிற பெயர். உருவுதல் என்பதே கை செய்கிற வேலைக்குப் பொருந்தும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இப்படிச் செய்ததில் மூளையில் கடும் ரத்தக்கசிவு கூடியதால், அவர்களைச் சேர்த்த ஓர் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2019-இல் அதன் முடிவு வெளியானது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தாமதம் வடமொழித் தாமசத்தின் வழி வந்தது, முக்குணங்களில் சோம்பலுக்குரியது. பஸ்ஸுக்கும் சம்பளத்துக்கும் அது பொருந்தும், வேண்டுமென்றே காத்திருப்பதற்குப் பொருந்தாது. ஆங்கிலத்திலேயே இப்போது ‘டிஃபர்ட்’, அதாவது ஒத்திவைத்தது, என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ‘கொடி கட்டுதல்’ என்றால் கட்சி ஊர்வலம் நினைவுக்கு வரும். கிளாம்புக்கு இடுக்கி இருக்கிறது, அதனால் இடுக்கல். என் கட்சி ‘பொறுத்துக் கொடி இடுக்கல்’. பிரசவ அறையில் ‘கொடி இன்னும் துடிக்குது, கொஞ்சம் பொறுங்க’ என்றுதானே வாயில் வரும்.